பீரோ சாவி யாரிடம் இருக்கிறது? சின்னப் பிள்ளைகளை வாசிக்க வைக்கக் கிளம்புகிறவர்களுக்கு

நான் ஆசிரியர் இல்லை. பாலக்கோடு பக்கம் ஒரு ஊரில் ஆறு வருடமாகச் சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிக்கிறேன், அவ்வளவுதான். "எங்கள் ஊரிலும் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது?" என்று மாதத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைமணி நேரம் சொல்வதை இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் பொருந்தும். வேறு ஊர் என்றால் யானை பற்றிச் சொல்வதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: செலவு செய்யாதீர்கள்

எல்லோரும் முதலில் புத்தகம் வாங்கத்தான் கிளம்புகிறார்கள். வேண்டாம். ஊர்ப் பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரைப் பாருங்கள், "சார், இங்கே என்னென்ன கதைப் புத்தகம் இருக்கிறது, பார்க்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஓர் இரும்பு பீரோவைக் காட்டுவார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் கதைப் புத்தகமும் இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அதற்கு மேல் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த மெல்லிய புத்தகங்கள் இருக்கும்; நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருப்பார்கள், உண்மையிலேயே நல்ல புத்தகங்கள், படம் பெரிது, எழுத்து பெரிது. ஊஞ்சல் இதழ்களும் அடியில் எங்கேயாவது கிடக்கும். நான் பார்த்த ஒரு பள்ளியில் புத்தகக் கட்டின் சணல் கூடப் பிரிக்காமல் இருந்தது.

ஏன் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கோபப்பட வேண்டாம். அந்தப் புத்தகங்கள் பதிவேட்டில் ஏறியவை, தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமை ஆசிரியர். நம் பக்கத்தில் ஈராசிரியர் பள்ளிகள் நிறைய, இரண்டே பேர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டு, எமிஸ் என்கிற கல்வித் துறை இணையதளத்தில் விவரம் ஏற்றிக்கொண்டு, நடுவில் கூட்டத்துக்கும் போய்வர வேண்டும். இதில் புத்தகத்துக்கு யார் கணக்கு வைப்பது? ஆகவே நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான்: "சார், நோட்டுப் போட்டு நான் எழுதி வைக்கிறேன், தொலைந்தால் அதே விலைக்கு நான் வாங்கி வைத்துவிடுகிறேன்." இதைச் சொன்ன பிறகு எனக்குச் சாவி தராத தலைமை ஆசிரியரை இதுவரை பார்க்கவில்லை. தயக்கம் இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போங்கள், ஊர்க்காரர் பக்கத்தில் நின்றால் பேச்சு சுலபமாக நடக்கும்.

பள்ளி நேரத்தில் செய்வதா, வெளியே செய்வதா என்பது அடுத்த கேள்வி. பள்ளிக்குள் என்றால் காலை உணவு முடிந்து மணி அடிப்பதற்குள் கிடைக்கிற நேரம் அருமையானது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததிலிருந்து பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுகிறார்கள், சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தால் கால் மணி நேரம் சும்மா ஓடிக்கொண்டிருப்பார்கள். வெளியே என்றால் கோயில் திண்ணை, அங்கன்வாடி வராந்தா, புளியமரத்தடி, எது வேண்டுமானாலும் சரி. நாலு பேர் நடமாடுகிற இடமாக இருக்கட்டும், உங்களோடு ஊர்ப் பெண் ஒருவராவது இருக்கட்டும், பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுத்து எங்கேயும் போடாதீர்கள். அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்கள் ராகி அறுவடைக் காலத்தில் ஐந்து மணிக்கே முடித்து அனுப்பிவிடுங்கள். யானை வருகிற பாதையில் இருட்டில் பிள்ளைகளை நடக்க விடக் கூடாது.

புத்தகம்: எது, எவ்வளவு

இருபது பிள்ளைகளுக்கு நாற்பது புத்தகம் இருந்தால் ஆரம்பிக்கலாம். பள்ளி பீரோவிலேயே பாதி தேறும். அடுத்து உங்கள் ஊர்க் கிளை நூலகம். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், 1948-ஆம் ஆண்டின் நூலகச் சட்டம் கொண்டுவந்த ஏற்பாடு அது, ஆகவே அந்த நூலகம் உங்கள் காசிலும்தான் நடக்கிறது, கூச்சப்படாமல் போங்கள். வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும், பிள்ளைகளைக் கூட்டிப் போக ஞாயிறுதான் தோது. உறுப்பினராவதற்குச் சின்னத் தொகைதான். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பகுதியையும் ஒரு முறை பார்த்துவிட்டு வாருங்கள்.

மீதியை வாங்க வேண்டும் என்றால் புத்தகத் திருவிழாவுக்குக் காத்திருங்கள். தர்மபுரியிலும் ஓசூரிலும் நடக்கிறது, பத்து சதவீதம் கழிவு உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட்டின் நேரு பால புத்தகாலய வரிசை, பிரதம் புக்ஸ், தூலிகா, பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் நூல்கள் என்று மெல்லிய புத்தகங்களாகப் பாருங்கள். வாங்குமுன் கடையிலேயே நின்று இரண்டு பக்கம் சத்தமாக வாசித்துப் பாருங்கள், கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. உங்கள் நாக்கே தடுக்கினால் அந்தப் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடுங்கள். படம் நன்றாக இருந்தும் தமிழ் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிற சிறுவர் புத்தகங்கள் நிறைய வருகின்றன.

நூற்றியெட்டு நீதிக் கதைகள் என்கிற மாதிரி குண்டுப் புத்தகங்கள் வேண்டாம். பொடி எழுத்து, கறுப்பு வெள்ளைப் படம், ஒவ்வொரு கதைக்கும் அடியில் கட்டம் போட்டு நீதி. கதை முடிந்தவுடன் அந்தக் கட்டத்தைப் பார்த்ததுமே பிள்ளைக்கு இது பாடப் புத்தகம்தான் என்று தெரிந்துவிடுகிறது. இன்னொன்று, அதியமான் ஊர்க்காரர்கள் என்பதால் முதல் கதையாக ஔவையாரையும் நெல்லிக்கனியையும் எடுக்கக் கை வரும். எடுக்காதீர்கள். அந்தக் கதை அவர்களுக்கு மேடைப் பேச்சிலும் பேச்சுப் போட்டியிலும் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. முதல் நாளுக்கு ஒரு குரங்கோ, ஒரு திருட்டுப் பூனையோ, தூக்கம் வராத ஒரு தாத்தாவோ போதும்.

எல்லாப் பிள்ளைக்கும் கதை பிடிக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். பூச்சி, பாம்பு, லாரி, நட்சத்திரம் பற்றிய புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள் உண்டு. விடுகதைப் புத்தகம் ஒன்று கட்டாயம் வேண்டும், வாசிக்கவே மாட்டேன் என்று மரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பவனை இறக்க அதுதான் ஆயுதம்.

தானமாக வருகிற பழைய புத்தகங்கள் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் ஆரம்பித்த செய்தி தெரிந்ததும் நல்ல மனதுக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து இறக்குவார்கள், பிரித்தால் பழைய பத்தாம் வகுப்பு நோட்ஸ், சமையல் குறிப்பு, ஜோதிட மலர். நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பேப்பர் கடையில் போட்டு வருகிற காசில் நாலு சிறுவர் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள்.

காசே இல்லை என்றால் ஸ்டோரிவீவர் தளத்துக்குப் போங்கள். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது, கதைகளை இலவசமாகப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், அச்செடுத்துக் கொடுக்கலாம், அதற்கு அனுமதி கொடுத்தே வைத்திருக்கிறார்கள். நிலை ஒன்று, இரண்டு என்று பிரித்திருக்கும். ஆனால் போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்து "படி" என்று சொல்வதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டாவது நிமிடத்தில் யூடியூபில் இருப்பார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வாசித்துக் காட்டுங்கள், முதல் ஒரு மாதம் அது மட்டும்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். முதல் நான்கு சனிக்கிழமை நீங்கள்தான் வாசிக்க வேண்டும், பிள்ளைகள் கேட்க வேண்டும். "யார் எழுந்து படிக்கிறது?" என்கிற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது.

காரணம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பேசுகிற தமிழ் வேறு, புத்தகத்தில் இருக்கிற தமிழ் வேறு. வீட்டில் "வந்துட்டான்" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை புத்தகத்தில் "வந்துவிட்டான்" என்பதை எழுத்துக் கூட்டி, வ, ந், து, வி என்று மூச்சு வாங்க முடித்து நிமிர்ந்தால், கையில் கிடைப்பது அது வாழ்நாளில் காதால் கேட்டே இராத ஒரு சொல். பிறகு எப்படி ருசிக்கும்? காதுக்குப் பழகிய சொல் என்றால் பாதி எழுத்தைப் பார்த்ததுமே மீதியை மனம் பிடித்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை உண்டாக்க ஒரே வழி, எழுத்துத் தமிழை உள்ளபடியே, நல்ல குரலில், நிறையக் கேட்க வைப்பது. கதையைக் கொச்சையாக மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், புரியாது என்று பயப்படவும் வேண்டாம். நம் பக்கம் பாரதக் கூத்து நடந்தால் பதினெட்டு நாள் நடக்கிறது, துரியோதனன் பேசுகிற தமிழ் தெருவில் பேசுகிற தமிழா? பிள்ளைகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு விடிய விடிய முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து கேட்கிற பொறுமை இல்லை என்று சொல்கிறவர்களைக் கூத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

எப்படி வாசிப்பது என்றால், நாற்காலி வேண்டாம், தரையில் உட்காருங்கள். புத்தகத்தை உங்கள் முகத்துக்கு நேரே பிடிக்காமல் கன்னத்துக்குப் பக்கத்தில், படம் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி பிடியுங்கள், நீங்கள் ஓரக்கண்ணால் படிக்க வேண்டியிருக்கும், முந்தின நாள் வீட்டில் மூன்று தடவை வாசித்துப் பழகினால் அது சுலபம். பெரிய எழுத்துப் புத்தகமாக இருந்தால் விரலை வரிக்கு அடியில் மெல்ல ஓட்டுங்கள். பக்கத்தைப் புரட்டுமுன் ஒரு விநாடி நிறுத்துங்கள், அந்த ஒரு விநாடியில் யாராவது "ஐயோ, நாய் வந்துரும் பாரு" என்று கத்துவார்கள், கத்தட்டும். ஒரு கதை பத்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். முடித்ததும் "இன்னொரு தபா" என்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து வாசியுங்கள், எனக்கு ஒரு பூசணிக்காய்க் கதையை ஒரே மாதத்தில் பதினோரு தடவை வாசிக்க வேண்டி வந்தது, கனவில் கூடப் பூசணிக்காய் உருண்டது. ஆனால் அந்தப் பதினோராவது தடவைக்கு அப்புறம் ஒன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, எழுத்தே தெரியாமல், பக்கத்துக்குப் பக்கம் சரியாகப் புரட்டி, என் குரலிலேயே முழுக் கதையையும் "வாசித்தது". "ஏய், நீ மனப்பாடமா ஒப்பிக்கிற" என்று பெரிய பையன்கள் சிரித்தார்கள். சிரிக்க விடாதீர்கள். எல்லாப் பிள்ளைகளும் இந்தப் படியில்தான் கால் வைத்து ஏறுகிறார்கள்.

நான் கெடுத்துக்கொண்ட இரண்டு விஷயம்

முதல் வருடம் ஒவ்வொரு கதை முடிந்ததும் கேள்வி கேட்டேன். குரங்கின் பெயர் என்ன, அது எதைத் திருடியது, இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம். முதல் வாரம் இருபத்திரண்டு பேர் வந்தார்கள், நாலாவது வாரம் ஒன்பது பேர். ஏன் வரவில்லை என்று வழியில் பார்த்த ஒரு பையனைக் கேட்டேன். "பரீட்சை வைக்கிறீங்களேண்ணா" என்றான். அன்றோடு விட்டேன். பேச வேண்டும் என்று தோன்றினால் நீங்களே உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள், "எனக்கு அந்தப் பூனையைப் பார்த்தா பாவமா இருக்கு" என்று. அவர்களும் அவரவர்க்குத் தோன்றியதைச் சொல்வார்கள். சொல்லாமல் எழுந்து ஓடினாலும் சரி.

இரண்டாவது, பத்துப் புத்தகம் படித்தால் ஒரு பேனா என்று அறிவித்தேன். சனிக்கிழமை எடுத்த புத்தகம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது. யாரும் படிக்கவில்லை, எண்ணிக்கை மட்டும் ஏறியது, கடைசியில் ஏழு பேனா வாங்கிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கும்போது

இரண்டாவது மாதத்தில் புத்தகங்களைத் தரையில் பாயில் பரப்பி வைத்து, கொஞ்சத்தைக் கயிறு கட்டித் துணி கிளிப்பில் தொங்கவிட்டு, "பிடிச்சதை எடுத்துக்குங்க" என்று விட்டுவிடுங்கள். அட்டைப் படம் தெரிய வேண்டும். முதுகு மட்டும் தெரிகிற மாதிரி அடுக்கினால் எந்தச் சின்னப் பிள்ளையும் எடுக்காது. எடுத்துப் படம் மட்டும் பார்த்துவிட்டு வைத்தாலும் வாசிப்புக் கணக்குதான். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிட அவர்களுக்கு உரிமை உண்டு, நமக்கு இருக்கிற மாதிரியே.

திணறுகிற பிள்ளைக்கு எப்படி உதவுவது? மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி "கொய்யா" என்ற சொல்லில் நின்றாள். விரல் ஒற்றைக் கொம்பில் இருந்தது. "கெ" என்றாள். பிறகு துணைக்காலைப் பார்த்தாள், "கெ... ஆ?" என்றாள். தமிழில் எகர ஏகார ஐகாரம் மெய்யொலிக்குப் பின்னால் வந்தாலும் எழுதும்போது அதன் குறியை முன்னால் போடுகிறோம், ஒகர ஓகாரத்துக்கு முன்னும் பின்னும் போடுகிறோம், கண் இடமிருந்து வலம் போனால் இப்படித்தான் மாட்டிக்கொள்ளும். எனக்கு நாக்கு நுனி வரை "கொ" வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணினேன். அவள் கண் படத்துக்குப் போனது, மரத்தில் கிளி கொத்திய பழம் இருந்தது, திரும்ப எழுத்துக்கு வந்தது. "கொய்யாப்பழம்ணா!" என்று கத்தினாள். புத்தகத்தில் கொய்யா மட்டும்தான் இருந்தது, பழம் அவள் சேர்த்தது. இந்த ஐந்து எண்ணிக்கைதான் நான் சொல்லித் தருகிற ஒரே நுட்பம். ஐந்துக்குப் பிறகும் வரவில்லை என்றால் சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு மேலே போகச் சொல்லுங்கள். ரகர றகரம், ணகர னகரம் எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே திருத்தத் தொடங்கினால் கதை செத்துவிடும்.

எழுத்தே பிடிபடாத பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும், இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் நடக்கிறது, அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலை பார்த்துப் பாடம் எடுக்கிறார்கள், ஆசிரியரிடம் கேட்டு எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் சனிக்கிழமையை இன்னொரு டியூஷன் ஆக்கிவிடாமல் இருந்தால் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வாசிப்பில் பின்தங்கிய ஐந்தாம் வகுப்புப் பையன் சின்னப் புத்தகத்தைக் கௌரவக் குறைச்சல் இல்லாமல் கையில் எடுக்க இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

புத்தகத்துக்கு வெளியேயும் எழுத்து இருக்கிறது. டவுனுக்குப் போகும்போது பஸ் போர்டு வாசிக்கிற போட்டி வையுங்கள், பென்னாகரம் வழி இண்டூர் என்று தூரத்தில் வரும்போதே யார் சொல்வது என்று. ஒகேனக்கல் என்பதை முதல் எழுத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், "ஏமாத்திட்ட, முழுசாப் படிக்கல" என்று சண்டை வரும்.

வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுகிற பிள்ளைகள்

ஓசூர், தளி, சூளகிரி, வேப்பனப்பள்ளி பக்கம் ஆரம்பிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாட்டியை ஆயா என்று கூப்பிடுகிற பிள்ளையும், அவ்வா என்கிற பிள்ளையும், அஜ்ஜி என்கிற பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும், உருது பேசுகிற பிள்ளையும் இருக்கலாம். பேச்சுத் தமிழே பள்ளிக்கு வந்து கற்றுக்கொண்ட பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் மூன்றாவது மாடி. "தமிழில் பேசு" என்று அதட்டாதீர்கள். படத்தைக் காட்டி யானை என்றதும் ஒருவன் ஏனுகு என்பான், ஒருத்தி ஆனெ என்பாள், எல்லோரும் மூன்றையும் ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே போங்கள். கதையில் அடுத்து என்ன நடக்கும் என்பதை அவர்கள் மொழியிலேயே சொல்ல விடுங்கள். ஸ்டோரிவீவரில் ஒரே கதை தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே படங்களோடு கிடைக்கும். முதல் வாரம் தெலுங்கில் வாசிக்க வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூப்பிடுங்கள், அடுத்த வாரம் அதே கதையைத் தமிழில் நீங்கள் வாசியுங்கள். கதை ஏற்கெனவே தெரிந்ததால் பிள்ளையின் கவனம் முழுக்கச் சொல்லில் நிற்கும்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது

கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு நோட்டு, நாலு கட்டம்: தேதி, பெயர், புத்தகம், திரும்பியதா. இதை நீங்கள் எழுதாதீர்கள், நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளையை நூலகராகப் போடுங்கள், நம்மைவிடக் கறாராக இருப்பார்கள். என் நாற்பதில் வருடத்துக்கு ஏழெட்டு போகும். ஒன்றை ஆடு மேய்ந்துவிட்டது, ஒன்று தம்பி கையில் கிழிந்தது, ஒன்று மழையில் ஊறி ஓலை மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள், ஒரு தடவை திட்டினால் அந்தத் தெருவே புத்தகம் எடுப்பதை நிறுத்திவிடும். புதிதாக வாங்கியதும் முதுகில் அகல டேப் ஒட்டுங்கள், பெட்டிக்குள் வேப்பிலையும் வசம்பும் போடுங்கள், மண் தரையில் பெட்டியை வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள், கரையான் ஒரே வாரத்தில் வேலையைக் காட்டும்.

வீட்டில் யார் கேட்பார்கள்? நம் பக்கம் பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளர்கிற பிள்ளைகள் நிறைய. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒரு குறையே இல்லை. "ஆயாவுக்குப் படிச்சுக் காட்டு" என்று அனுப்புங்கள். ஒரு பாட்டி மறுவாரம் பேத்தியோடு வந்து என்னிடம் சண்டை போட்டார், "கதையில ராகிங்கறா, படத்துல பார்த்தா கம்பு மாதிரி வரைஞ்சு வச்சிருக்கானே, இதையா புள்ளைங்களுக்குக் குடுக்கறது?" என்று. பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். அதே மாதிரி, பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்கிற ஓர் அப்பாவுக்கு அவர் மகன் ராத்திரி எட்டரை மணிக்குப் போனில் ஒரு பக்கம் வாசிக்கிறான், தினமும் இல்லை, ரீசார்ஜ் இருக்கிற நாளில். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனே கண்டுபிடித்தது. இப்போது எல்லாப் பெற்றோரிடமும் இதைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் எழுதுகிற புத்தகம்

மூன்று மாதம் ஓடிய பிறகு இதைச் செய்யுங்கள். நாலு ஏ4 தாளை நடுவில் மடித்து ஊசி நூலால் தைத்தால் பதினாறு பக்கம். பிள்ளை சொல்லச் சொல்ல, அது சொன்ன சொல்லிலேயே நீங்கள் பக்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள், படம் பிள்ளை போடட்டும். யானை எங்கள் ராகிக் காட்டுக்கு வந்த ராத்திரி, எருது விடும் விழாவில் மாமா விழுந்தது, மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போன லாரியிலிருந்து பழம் உருண்டது, தக்காளி விலை இறங்கி அப்பா ரோட்டோரம் கொட்டியது. எங்கள் பெட்டியில் அதிகம் கிழிந்து, அதிகம் ஒட்டுப்போட்ட புத்தகம் இந்த யானைப் புத்தகம்தான். ஆறாவது பக்கத்தில் "தாத்தா டப்பா தட்னார், யானை போகல, தாத்தா போயிட்டார்" என்று இருக்கிறது. வீட்டுக்குள் ஓடிவிட்டார் என்று அர்த்தம். தாத்தா இன்றைக்கும் நன்றாக இருக்கிறார், நோட்டில் அவர் பேரில் கூட ஒரு புத்தகம் எழுதியிருக்கிறது.

எப்போது தொடங்கி எப்போது ஒப்படைப்பது

ஜூன் கடைசியில் தொடங்குங்கள், பள்ளி திறந்த அமளி அடங்கியிருக்கும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களில் கூட்டம் குறையும், நிறுத்தாமல் வந்த மூன்று பேருக்கு வாசியுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், அந்த வாரத்தில் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போனால் நூலகருக்கும் சந்தோஷம். மே மாத விடுமுறையில் பாதிப் பேர் மாந்தோப்பில் இருப்பார்கள் அல்லது அப்பா அம்மாவைப் பார்க்க பெங்களூர் போயிருப்பார்கள், ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்து அனுப்பிவிட்டு நீங்களும் ஓய்வெடுங்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஜூனில் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போய்விடுவார்கள். ஆகவே நோட்டையும் சாவியையும் பார்த்துக்கொள்ள நாலாம் வகுப்பிலிருந்து அடுத்த ஆளைப் பிப்ரவரியிலேயே பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுங்கள். எங்கள் நூலகர் பெட்டிச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். போன தை மாதம் ஒரு சனிக்கிழமை அவள் சித்தி கல்யாணத்துக்கு ராயக்கோட்டை போய்விட்டாள், கழுத்துச் சாவியும் கூடவே போய்விட்டது, பதினெட்டுப் பேரும் நானும் பூட்டிய பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து விடுகதை போட்டுக்கொண்டிருந்தோம். ஆகவே பூட்டு வாங்கும்போதே சாவி இரண்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஒன்றை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கொடுத்து வையுங்கள்.